காரைத் தவறவிட்டவருக்குப் பிசானம் உண்டு

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்குக் கார், பிசானம் என்னும் இரண்டு பட்டங்களைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை பொதிகையில் இறங்கினால் கார்; வடகிழக்குப் பருவமழை வந்தால் பிசானம். பாபநாசம் அணையில் நீர் போதாமல் கார் நடவு தவறிப்போன ஆண்டுகள் எத்தனையோ உண்டு. அத்தகைய ஆண்டுகளில், இந்த வயலுக்கு இனி விளைச்சலே இல்லை என்று எந்த விவசாயியும் முடிவு கட்டிவிடுவதில்லை. வரப்பை வெட்டிச் சீராக்குகிறார், தொழுவுரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார், விதைநெல்லைப் பத்திரப்படுத்துகிறார், ஐப்பசி மழையை எதிர்பார்த்து நாற்றங்காலைத் தயார் செய்கிறார். பின்னால் வரும் பிசானமே இப்பள்ளத்தாக்கின் பெரும்பட்டம் என்பதையும் அவர் நன்கு அறிவார்.

வயல் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், சொந்த வாழ்க்கை என்று வரும்போது மட்டும் தெளிவை இழந்துவிடுகிறோம். முதல் பட்டம் தவறியதும் நிலத்தையே தரிசு என்று எழுதிவிடுகிறோம். சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, இதற்கு அத்தாட்சியாக எங்கும் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. ‘இந்த வயதிலா?’ என்பதுதான் அது. எழுதப் படிக்கக் கற்கலாமே என்றால், இந்த வயதிலா? தறியில் புதிய கரை ஒன்றை நெய்து பார்க்கலாமே என்றால், இந்த வயதிலா? பாட்டன் காலத்து நெல் ரகம் ஒன்றை ஒரு மரக்கால் விதைப்பாட்டிலாவது போட்டுப் பார்க்கலாமே என்றால், அதற்கும் அதே கேள்வி. பிறர் கேட்பதைவிட, ஆசையை மனத்தில் வைத்திருப்பவரே தம்மை இவ்வாறு கேட்டுக்கொண்டு வாய்மூடிப் போவதுதான் மிகுதி. கேள்வியைப் போலத் தோன்றினாலும் இது கேள்வியன்று, தீர்ப்பு. விசாரணையே இல்லாமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று இம்மாத இதழில் சற்று ஆராய்வோம்.

பழமொழி என்ன சொல்கிறது?

இத்தீர்ப்புக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் பழமொழி, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது. குழந்தைகளுக்கு நல்ல பழக்கங்களை இளமையிலேயே ஊட்டவேண்டும் என்று பெற்றோரை எச்சரிக்க எழுந்த மொழி இது. அந்த அளவில் அதன் அறிவுரை பொன்னானது. ஆனால் ஐம்பது வயதுக்காரர் புதிதாக ஒன்றைக் கற்கக் கூடாது என்று தடைபோட இதை எடுத்தாள்வது, பழமொழிக்கும் நியாயமன்று. ஐம்பது வயதுக்காரருக்கும் நியாயமன்று.

வளைவது எது, வளையாதது எது என்று அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சேரன்மகாதேவிக்கு அருகில் பத்தமடை இருக்கிறது. அவ்வூர்ப் பாய்க்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெட்டிவந்த பச்சைக் கோரையை வெயிலில் காயவைப்பார்கள், கிழிப்பார்கள், பிறகு ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போடுவார்கள். நன்கு காய்ந்த கோரை நீரில் ஊறிப் பருத்து, மறுபடி உலர்ந்து, சாயமேறி, பின்னரே தறிக்கு வருகிறது. கைத்திறமுள்ளவர் நெய்த மெல்லிய பாய் பட்டுத்துணிபோல மடிந்து கொடுக்கிறது. கோரை காய்ந்துவிட்டதே என்று ஆற்றங்கரையிலேயே அதை எறிந்திருந்தால், பத்தமடை என்ற பெயர் நான்கு ஊருக்கு அப்பால் தெரிந்திருக்காது. காய்ந்ததை வளையவைக்க ஊறவைக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

கோரைக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, நம் சீமையைச் சேர்ந்த இருவரின் வாழ்க்கையைச் சான்றாக வைக்கிறோம். ஒருவர் விவசாயி, மற்றொருவர் நம் கூட்டுறவு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்.

கரிசல் விவசாயி

திருநெல்வேலியிலிருந்து வடக்கே, கயத்தாற்றைக் கடந்து கோவில்பட்டி நோக்கிச் செல்லும் வழியில் இடைசெவல் என்னும் கிராமம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஊர். பிரிவினைக்குப் பின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றுப் பாசனத்தில் பழகிய நமக்கு அது வேறு உலகம். அங்கே அணைக்கட்டும் இல்லை, கால்வாயும் இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமி. அம்மண்ணில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அவருக்கு நடுவிலேயே நின்றுபோயிற்று. இளமையில் காசநோய் வேறு அவரை வாட்டியது. விவசாயிகளின் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறைவாசமும் கண்டார். அவருடைய பால்ய நண்பரும் அதே ஊர்க்காரருமான கு. அழகிரிசாமி இளமையிலேயே எழுத்துலகில் பெயர் பெற்றுச் சென்னைக்குப் போய்விட்டார். ராஜநாராயணனோ ஏரும் மாடுமாக ஊரிலேயே இருந்தார்.

அவருடைய சிறுகதை முதன்முதலாகப் பத்திரிகையில் வெளிவந்து கவனம் பெற்றது 1950களின் இறுதியில். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. எழுத்தாளர்கள் பலர் இருபதிலேயே பேர் எடுத்துவிடும் நாட்டில் இது காலம் கடந்த தொடக்கமே. ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவல் வெளியான 1976இல் அவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். கரிசல் வட்டாரத்து மக்கள் வாய்மொழியில் வழங்கும் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்றை 1982இல் வெளியிட்டபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். புலவர் பட்டம் பெற்றவர்கள் செய்யவேண்டிய காரியத்தை, பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு சம்சாரி செய்து முடித்தார் என்பதை இங்கே கருதவேண்டும்.

இதற்கும் மேலான வியப்பு 1989இல் நிகழ்ந்தது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணிக்காகப் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. மாணவனாகப் பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் பேராசிரியராகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். 1991ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக அவருக்கு வழங்கப்பட்டது. அதன் பின்னரும் முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். 2021 மே மாதம் புதுவையில் காலமானபோது, உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

நம் இலாகாவைச் சேர்ந்தவர்

மற்றவர் பூமணி. பூ. மாணிக்கவாசகம் என்பது இயற்பெயர். 1947இல் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கூட்டுறவு இலாகாவில் சேர்ந்து துணைப்பதிவாளர் பதவிவரை உயர்ந்து ஓய்வு பெற்றார். சங்கம் சங்கமாகப் போய்ப் பேரேட்டைப் புரட்டும் உத்தியோகம் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பது சங்கக் காரியதரிசிகளுக்குத் தெரியும். அந்த உத்தியோகத்தின் இடையிலேயே அவர் ‘பிறகு’, ‘வெக்கை’ முதலிய நாவல்களை எழுதினார். 1982இல் வந்த ‘வெக்கை’யைத் தழுவித்தான் 2019இல் ‘அசுரன்’ என்னும் திரைப்படம் எடுக்கப்பட்டது.

ஆயினும் அவர் மனத்தில் கிடந்த பெரிய ஆசை வேறு. இந்தத் தென்பாண்டிச் சீமையில் பல தலைமுறைகளாக மண்ணோடு உழன்ற பல சாதி மக்களின் கதையை, 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலகம் உள்ளிட்ட சரித்திர நிகழ்ச்சிகளோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது அந்த ஆசை. பழைய ஆவணங்களைத் தேடவேண்டும், ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கேட்கவேண்டும், ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும். அவர் அப்படியே உழைத்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அஞ்ஞாடி’ நாவல் 2012இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. 2014ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசை அந்நூல் பெற்றது. ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின் நாற்காலியில் சாய்ந்திருக்க உரிமையுள்ள ஒருவர், தம் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையை அப்போது முடித்தார்.

பழைய பாவும் புதிய பாவும்

இவ்விருவர் வாழ்விலும் பொதுவாக ஓர் உண்மை இருக்கிறது. இருவரும் அந்நியமான ஏதோ ஓர் உலகத்துக்குத் தாவிப் போகவில்லை. ராஜநாராயணன் எழுதியது தாம் உழுத மண்ணைப் பற்றி. தம் ஊரார் களத்துமேட்டில் பேசிய பேச்சில். பூமணி எழுதியது தாம் பிறந்து வளர்ந்த சீமையை. இருபது வயதில் ராஜநாராயணன் எழுத உட்கார்ந்திருந்தால் கரிசல் சொற்களை அந்த அளவு திரட்டியிருக்க முடியுமா? ஏர் பிடித்த ஆண்டுகள் அவருக்கு வீணான ஆண்டுகள் அல்ல. வட்டியோடு வளர்ந்த வைப்புத்தொகை.

நெசவாளி அங்கத்தினர்களுக்கு இதை அவர்கள் தொழிலைக்கொண்டே சொல்லிவிடலாம். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் என்ன செய்கிறீர்கள்? விழுதுகளிலும் அச்சிலும் நிற்கும் பழைய பாவின் முனைகளை அறுத்தெறிந்துவிட்டு வெறுந்தறியில் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையிலும் புதிய பாவின் ஓர் இழையைப் பிணைக்கிறீர்கள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து முடித்தபின், மெல்ல இழுத்தால் பழையதின் தடத்திலேயே புதியது அச்சுக்குள் ஏறிவருகிறது. இடையில் ஓர் இழை அறுந்தால் சேலை முழுவதையும் கிழித்தெறிவதில்லை. தறியை நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சுப்போட்டு மேலே நெய்கிறீர்கள்.

நடுவயதிலும் முதுமையிலும் ஒருவர் தம் நெடுநாள் ஆசையை நிறைவேற்ற முனைவதும் இவ்வகைப் பிணைப்பு வேலையே. இருக்கிற வாழ்க்கையை அறுத்தெறிவதற்குப் பெயர் தைரியம் அன்று. இருக்கிற வாழ்க்கையின் முனையில் புதியதை இழை இழையாகப் பிணைக்கும் பொறுமைக்கே தைரியம் என்று பெயர். இளைஞனிடம் இல்லாத பெருமுதல் ஒன்று ஐம்பது வயதுக்காரரிடம் இருக்கிறது. வாழ்ந்த ஆண்டுகளே அம்முதல். அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல், எனக்கு முதல் இல்லை என்று சொல்வதைத்தான் கணக்குப் பார்ப்பவர்களான நாம் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

தோற்றவர் கதி என்ன?

‘வென்றவர்களை மட்டும் எடுத்துக்காட்டுகிறீர்களே, முயன்று தோற்றவர் கதி என்ன?’ என்று ஓர் அங்கத்தினர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கும் நம் நாட்டிலேயே விடை இருக்கிறது.

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையை அறியாதவர் இல்லை. 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908 மார்ச்சில் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 40. கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் நடத்தச் சன்னதும் இல்லை. இதைவிட முழுமையான தோல்வி ஒரு மனிதருக்கு நேருமா?

அதன் பிறகு அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். சென்னையில் மளிகை வியாபாரம் செய்து பார்த்தார். கோயம்புத்தூரில் வங்கி உத்தியோகம் பார்த்தார். வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஐம்பது வயதைக் கடந்தபின்னும், இளம்பூரணர் உரையோடு தொல்காப்பியத்தைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். வறுமைக்கும் கடனுக்கும் நடுவே நடந்த பணி அது. கப்பல் மூழ்கியதும் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிராமல், வேறொரு கடலில் இறங்கினார் என்றே சொல்லவேண்டும். 1936இல் தூத்துக்குடியில் அவர் மறைந்தபோது கையில் செல்வம் இல்லை. ஆனால் நாட்டுக்குக் கப்பலின் நினைவும் தமிழுக்கு ஒரு நூலின் பதிப்பும் மிஞ்சின. ஒன்றில் தோற்றவருக்கு மற்றொன்று மூடப்படுவதில்லை.

அவர் சரித்திரத்தில் கூட்டுறவாளர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. ஒரு மனிதருடைய நெஞ்சுரத்தின்மேல் மட்டும் நிறுத்தப்பட்ட காரியம், அந்த மனிதரைச் சிறையில் அடைத்ததும் சாய்ந்துவிடுகிறது. தைரியத்துக்கும் முட்டுக்கொடுக்க நாலு பேர் வேண்டும்.

சங்கம் எதற்கு?

இங்கேதான் நம் இயக்கம் வருகிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவாளர் ஊரில் 1844ஆம் ஆண்டில் கூலி உயர்வு கேட்ட நெசவாளர் கிளர்ச்சி தோற்றது. தோற்றவர்களும் அவர்களை ஒத்த தொழிலாளரும் சேர்ந்து 28 பேர், வாரந்தோறும் சில பென்னிகளாக மிச்சம் பிடித்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி சிறு கடை ஒன்றைத் திறந்தனர். மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, சில மெழுகுவர்த்திகள்; கடையில் இருந்த சரக்கு இவ்வளவே. அதைப் பார்த்து எள்ளி நகைத்தவர் பலர். இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தம் வம்சாவளியை அக்கடையிலிருந்துதான் கணக்கிடுகின்றன. தனித்தனியே பயந்திருந்தவர்கள் பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு விழுந்த பங்கு தாங்கக்கூடியதாக இருந்தது.

‘இந்த வயதிலா?’ என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு பயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று நஷ்டப் பயம். மற்றொன்று, ஊர் சிரிக்குமே என்னும் பயம். இரண்டையும் குறைக்கச் சங்கத்தால் முடியும்.

முதலில் நஷ்டம். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பதும் நம் பழமொழிதான். அதை நாம் மறுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதுள்ள நெசவாளி ஒருவர் புதிய வடிவமைப்பில் சேலை நெய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை அடகு வைத்து நான்கு தறி வாங்குவது அவருக்கு ஏற்ற வழியன்று. சங்கத்துக்கு நெய்துவரும் வழக்கமான சரக்கை நிறுத்தாமல், ஒரே ஒரு பாவு மட்டும் புதிய வகைக்கு ஒதுக்கட்டும். நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவையும், செலவிட்ட நாட்களையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். இவ்வளவுக்கு மேல் இழக்கமாட்டேன் என்ற எல்லையைத் தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ளட்டும். சேலை விலைபோனால் இரண்டாவது பாவு; போகாவிட்டால் ஒரு பாவின் அனுபவம் கையில் மிஞ்சும். அதே கணக்கு விவசாயிக்கும் பொருந்தும். இருக்கும் நிலமெல்லாம் புதிய பயிரை வைப்பது துணிச்சலாகாது. ஒரு மூலையில் வைத்துப் பார்ப்பதே போதுமான துணிச்சல்.

வழிகாட்டுவோரும் தொலைவில் இல்லை. விவசாயிகளுக்கு அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இருந்துவருகிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நெசவாளர்களுக்குச் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் நெசவாளர் சேவை மையங்கள் உண்டு. இந்த இடங்களில் கேள்வி கேட்கப் போகிறவரிடம் தலைமயிர் நரைத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது, ஊர் சிரிக்கும் என்னும் பயம். பொதிகைக்கு அந்தப்புறம் கேரளத்தில் ஆலப்புழை ஜில்லாவைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள் என்னும் மூதாட்டி, 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். நாடு சிரிக்கவில்லை, நாரி சக்தி விருது கொடுத்து வணங்கியது. கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் சிறு கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, நூறு வயதைத் தாண்டியும் தாமே தோட்டத்தில் இறங்கிப் பாடுபட்டார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024இல் அவர் மறையும்வரை, அவரைப் பார்த்து இயற்கை விவசாயம் கற்க இளைஞர்கள் வந்தார்களே அன்றி, எள்ளி நகைக்க யாரும் வரவில்லை.

படிப்பை இடையில் விட்ட நெசவாளர்களுக்கு ஒரு செய்தி. 2016ஆம் ஆண்டு தேசியக் கைத்தறி நாளில் மத்திய ஜவுளி அமைச்சகம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியோடும் இந்திரா காந்தித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. நெசவாளரும் அவர்கள் குடும்பத்தாரும் தொழிலை விடாமலே படிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தபட்ச வயது உண்டு; உச்ச வரம்பு கிடையாது. இச்செய்தியைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும்.

பெண் அங்கத்தினர்கள்

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். 2019-20ஆம் ஆண்டில் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடத் துணைநிற்பதும், பல வீடுகளில் தறியிலேயே உட்கார்ந்து நெய்வதும் அவர்கள்தாம். ஆயினும் அங்கத்தினர் பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும் வீடுகளை இன்றும் காண்கிறோம். முப்பது ஆண்டு நெய்த பின்னும் தன் பெயரில் ஒரு பங்கு இல்லாத பெண்ணுக்கு, அந்த ஒரு பங்கே பெரிய கனவு. நாற்பத்தைந்து வயதில் அவர் பங்குத்தொகையை முந்தானையில் முடிந்துகொண்டு சங்கத்தின் படியேறுவது, கப்பல் விடுவதற்குக் குறைந்த துணிச்சல் என்று நாம் எண்ணவில்லை. படியேறி வந்தவரை உட்காரவைத்து மனுவை எழுதிக்கொடுப்பது காரியதரிசியின் கடமை. ‘வீட்டுக்காரரை வரச்சொல்’ என்று திருப்பி அனுப்புவது கூட்டுறவாகாது.

நிர்வாக சபைக்கு ஒரு விண்ணப்பம்

கனவு காண்பது அங்கத்தினர் பாடு. அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று நிர்வாக சபையார் எண்ணலாகாது. முதிய அங்கத்தினர் புதிய யோசனை ஒன்றைக் கொண்டுவந்தால், முதலில் யோசனையைப் பாருங்கள். வயதைப் பிறகு பாருங்கள். ஒரு திட்டத்துக்கு வயது வரம்பு விதியில் இருக்குமானால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லி, வரம்பில்லாத வேறு வழி இருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லுங்கள். மனுவைத் தள்ளவேண்டி வந்தால் காரணத்தை எழுதித் தள்ளுங்கள், சிரித்துத் தள்ளாதீர்கள். எழுதிய காரணத்துக்கு அவர் மாற்றுக் காணலாம். சிரிப்புக்கு மாற்று இல்லை. பிறகு அவர் சங்கத்துக்கு வரவே மாட்டார்.

முதியவர்களின் கனவு நிறைவேறுவதால் சங்கத்துக்கும் லாபம் உண்டு. அருகிவரும் கரை வேலைப்பாட்டை அறிந்த கைகள் இன்று அறுபதைக் கடந்தவர்களின் கைகளே. ‘எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்’ என்பதுதான் அவர்களில் பலருக்கு எஞ்சியிருக்கும் ஆசை. அந்த ஆசையைச் சங்கம் காலத்தில் கவனிக்காவிட்டால் வித்தை அவர்களோடு போய்விடும். பணமாயிருந்தால் வாராக்கடன் என்று கணக்கில் எழுதிக் காட்டலாம். போன வித்தையை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

எனவே, வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து, தாம் புதிதாகக் கற்க விரும்புவது என்ன, பிறருக்குக் கற்பிக்க விரும்புவது என்ன என்று இரண்டே வாக்கியம் சொல்லட்டும். காரியதரிசி அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். எல்லாம் நிறைவேறிவிடும் என்று நாம் உறுதி கூற முடியாது. சில பாவுகள் அறும். சில நாற்றங்கால்கள் வெள்ளத்தில் போகும். ஆனால் மனத்துக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும் ஆசையைவிட, நாலு பேர் முன்னிலையில் சொல்லப்பட்டு நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறிய ஆசைக்குப் பலம் அதிகம். கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவராவது, ‘நாளைக் காலையில் வாருங்கள், பார்ப்போம்’ என்று சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் சங்கம் இருக்கிறது.